சக்தியில்லாத தண்ணீரும் அமிர்தராஜின் இரண்டு கால்களும்

உலகத்தில் புண் என்று ஒன்று இருக்கிற வரைக்கும் எங்கள் கமிட்டியின் பெயர் நிலைத்து நிற்கும். எங்கள் கமிட்டி இருக்கிற வரைக்கும் புண்ணும் நிலைத்து நிற்கும் என்று ஸ்ரீரங்கத்தில் சில பேர் சொல்லித் திரிகிறார்கள். வயிற்றெரிச்சல்! அதற்கு மருந்து கண்டுபிடிப்பது எங்கள் அதிகார எல்லைக்குள் வரவில்லை.

கமிட்டியின் முழுப் பெயர் 'காவேரிக்கரை மூலிகைச் சாறு காய நிவாரணப் பாதுகாப்புப் பரிசோதனைக் கமிட்டி'. சின்னக் காயமாக இருந்தால் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஆறிவிடும். ஐம்பத்தைந்தாம் வருஷம் ஆரம்பித்தோம். அம்மாமண்டபம் ரோட்டில் ஒரு பழைய வீடுதான் ஆபீஸ். முன்னால் கொஞ்சம், பின்னால் நிறையக் காலியிடம். நான் அதன் காரியதரிசி, பெயர் பிலோமின்ராஜ். டைப் அடிப்பது, தீர்மானம் எழுதுவது, காப்பி வரவழைப்பது என்ற முப்பெரும் இலாகாக்கள் என் வசம் இருந்தன.

கமிட்டியின் வேலை ஒன்றே ஒன்றுதான். வெட்டுக்காயப் பூண்டின் சாறு புண்ணை ஆற்றுகிறதா, ஆற்றும்போது வேறு கெடுதல் எதுவும் செய்யாமல் இருக்கிறதா என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். நீளக் காம்பில் மஞ்சளும் வெள்ளையுமாகச் சின்னப் பூ பூக்குமே, அந்தச் செடி. எங்கள் ஆபீஸைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு மண்டிக் கிடக்கும். ஆனால் அது தானாக முளைத்தது. அதற்கு எந்த 'அங்கீகாரமும்' கிடையாது. பரிசோதனைக்கு வேண்டிய செடி பச்சைமலை அடிவாரத்திலிருந்து, உப்பிலியபுரம் பஸ்ஸின் கூரையில் ஏறி, சருகாகி, முறைப்படி வந்து சேரும். வாசலில் இருப்பதைச் சனிக்கிழமைதோறும் களை என்று பிடுங்கி எறிவது பியூன் வீரமலையின் வேலை. அவனும் உப்பிலியபுரத்துக்காரன்தான், ஆனால் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து வந்தவன்.

தலைவர் ஸ்ரீரங்கராஜன், ரிட்டயரான டெபுடி கலெக்டர். பன்னிரண்டு திருமண், பஞ்சகச்சம், மேலே கறுப்புக் கோட்டு. எதிலும் அவசரப்படாத மகான். உறுப்பினர்கள் இரண்டு பேர். ஒருவர் தாவரவியல் பேராசிரியர் இருதயநாதன்; ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் செடிகளின் லத்தீன் பெயருக்கும் உயிரை விடுவார். இன்னொருவர் டாக்டர் மட்டுவார்குழலி. இந்த அம்மாளிடம் ஒரு குறை உண்டு. பிரச்னை என்று ஏதாவது வந்தால் உடனே தீர்வு சொல்லிவிடுவார். கமிட்டி அனுபவம் போதாது.

மேஜையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேக்கு மேஜை, ஏலத்தில் எடுத்தது. தலைவர் உட்காரும் பக்கத்துக் காலில் ஒரு ஆணி அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முதல் கூட்டத்திலேயே பேராசிரியரின் பேண்ட்டைக் கிழித்தது. 'ஆணியை அகற்றலாம்' என்று அப்போதே கொள்கையளவில் முடிவு செய்தோம். ஆனால் மேஜை மரம், ஆணி இரும்பு. கூப்பிட வேண்டியது தச்சரையா, கொல்லரையா? மூன்று வருஷமாக அந்தக் கோப்பு நல்ல முறையில் நகர்ந்துகொண்டிருந்தது.

முதலில் சாறு பத்திரமானதா என்று பார்த்தோம். புண்ணில்லாத தோலில் தடவி, சிவக்கிறதா அரிக்கிறதா என்று கவனிப்பது முறை. டாக்டரம்மா சட்டென்று தன் கையை நீட்டிவிட்டார். தலைவர் இருக்க உறுப்பினர் கை முந்தலாமா? தலைவர் கையில் தடவலாம் என்றால் அன்றைக்கு ஏகாதசி. கடைசியில் வீரமலையைக் கூப்பிட்டுத் தடவினோம். ஒன்றும் ஆகவில்லை.

"சின்னப் புள்ளையிலேர்ந்து இதைத்தானேய்யா தேய்ச்சுக்கிட்டிருக்கேன். என்ன ஆகும்?" என்றான்.

உடனே அவன் தகுதி இழந்தான். பழக்கப்பட்ட தோலின் சாட்சியம் செல்லாது என்று தீர்மானம் நிறைவேறியது.

அடுத்தது புண். இதுதான் எங்கள் சோதனைக்கே சோதனை. மூன்று வருஷமாக ஒரு புண் கிடைக்கவில்லை. ஊரில் புண் இல்லாமல் இல்லை. விண்ணப்பம் பூர்த்தி செய்து, மூன்று பிரதி எடுத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற புண் கிடைக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் ஐம்பத்தெட்டாம் வருஷம், ஆகஸ்டு மாதம் நாலாம் தேதி, கடவுள் எங்கள் வாசலில் அமிர்தராஜைத் தள்ளிவிட்டார்.

அமிர்தராஜ் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கலாசி. பதினோரு வருஷமாக ஃபிட்டர்களுக்கு எடுபிடியாக இருக்கிற அதே கலாசி. கோழிக்கூண்டுக்குக் கூரை போட ஒரு தகரத்தை சைக்கிள் ஹாண்டில்பாரில் குறுக்கே வைத்துக்கொண்டு அந்த வழியாக வந்தார். எதிரே ஒரு மாட்டு வண்டி. பிரேக் பிடித்தார். தகரம் சரிந்து இரண்டு கணுக்காலுக்கும் மேலே ஒரே சீவாகச் சீவிவிட்டது. வீரமலை அவரைத் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுவந்தான்.

பேராசிரியர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண்ணில் தண்ணீர்.

"ரெண்டு காலிலும் ஒரே நீளம், ஒரே ஆழம்! ஒரு காலில் சாறு, ஒரு காலில் வெறும் தண்ணி. எது சீக்கிரம் ஆறுதுன்னு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இப்படி ஒரு ஜோடிப் புண்ணை லட்சத்தில் ஒருத்தருக்குத்தான் ஆண்டவர் குடுப்பார்ங்க!"

"பாக்கியசாலி" என்றார் தலைவர்.

"வலிக்குதுங்க ஐயா" என்றார் பாக்கியசாலி.

நான் மூன்று பிரதியிலும் கையெழுத்து வாங்கினேன். அதோடு விட்டேனா? அமிர்தராஜ் எங்கள் பரிசோதனையில் இருப்பதாகவும், 'குணமடைந்தார்' என்று கமிட்டி எழுதிக் கொடுக்கிற வரையில் அவரை வேலைக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்றும் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு ரிஜிஸ்தர் கடிதம் அனுப்பினேன். யாரும் சொல்லாமல் நானே செய்த காரியம் அது.

"எப்பங்க குணமாகும்?" என்று கேட்டார் அமிர்தராஜ். "இருபத்தஞ்சாம் தேதி எனக்கு டிரேட் டெஸ்ட்டுங்க. பாஸ் பண்ணிட்டா ஃபிட்டர். ரெண்டு தடவை தவறிப்போச்சு. இந்தத் தடவை விட்டா வயசு வரம்பு தாண்டிடும், அப்புறம் சாகிற வரைக்கும் கலாசிதான்."

"கவலையே படாதீங்க. இருபத்தோரு நாள் இருக்கு" என்றேன். கமிட்டிக்கு இருபத்தோரு நாள் என்பது எவ்வளவு என்று தெரிந்திருந்தும் சொன்னேன்.

அன்று மத்தியானமே அவசரக் கூட்டம். ஒரே ஒரு விஷயம்: இரண்டாவது காலுக்கு எந்தத் தண்ணீர்?

"இதிலென்ன யோசனை? காவேரி தீர்த்தம்" என்றார் தலைவர். "இதோ, ரோட்டு முனையில் ஓடறது."

பேராசிரியர் தொண்டையைக் கனைத்தார். "காவேரியில் ஒரு புனித சக்தி இருக்குன்னு நீங்க சொல்லுவீங்களே?"

"இருக்குன்னு சொல்லுவேனா? இருக்கு ஓய்!"

"அப்ப அந்தக் காலும் ஆறிடுமே. சாறு இல்லாத கால், தன்பாட்டுக்கு இருக்கணும்ங்க. சக்தியில்லாத தண்ணியாத்தான் வேணும்."

தலைவர் திகைத்துப் போனார். காவேரிக்குச் சக்தி இல்லை என்று குறித்தால் பெருமாள் முகத்தில் எப்படி விழிப்பது? 'காவேரி மிகுந்த சக்தி வாய்ந்தது. ஆகவே உதவாது' என்று எழுதிக்கொண்டேன்.

"எங்க சர்ச் கிணத்துத் தண்ணி இருக்கு" என்று ஆரம்பித்தார் பேராசிரியர்.

"திருவிழாவுக்குப் பாதிரியார் வந்து அதை மந்திரிச்சு ஆசீர்வாதம் பண்றாரோன்னோ?" என்றார் தலைவர், ஒரு புன்சிரிப்போடு.

"ஆமாம்."

"அந்த ஆசீர்வாதத்துக்குச் சக்தி கிடையாதுன்னு நீர் எழுதிக் கையெழுத்துப் போடும். எனக்கு ஆட்சேபணை இல்லை."

பேராசிரியர் சிலுவை போட்டுக்கொண்டார். கிணறும் போயிற்று.

வீரமலை ஒரு குடத்தோடு வந்தான். டவுனில் தர்கா பக்கத்துக் குழாயில் பிடித்ததாம். அங்கே தண்ணீர் ஓதிக் கொடுத்துக் குளிர்காய்ச்சல் போனதை அவனே கண்ணால் பார்த்திருக்கிறான். குடத்தை அவனே திருப்பி எடுத்துக்கொண்டு போனான். மழைத்தண்ணீர் வருண பகவானுடையது. கோலி சோடாவில் காஸ் இருக்கிறது.

"முனிசிபல் குழாயில பிடிச்சு, கொதிக்க வச்சு ஆற வச்சா முடிஞ்சுது" என்றார் டாக்டரம்மா.

"முனிசிபல் குழாயில் வர்றது எது?"

"காவேரி."

"காவேரியை அடுப்பில் ஏத்திக் கொதிக்க வைக்கறதா? அபசாரம்! அபசாரம்!"

"அப்ப பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர்."

"அதை எந்தத் தண்ணியிலேர்ந்து இறக்கறா?"

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "தண்ணியே வேணாம் சார். அந்தக் காலைத் துடைச்சுட்டுச் சும்மா விட்டுடலாம்."

"சும்மா விட்டால் காத்துப் படும். இந்த ரோட்டுக்குக் காத்து எந்தப் பக்கத்திலேர்ந்து வர்றது? கோபுரத்துப் பக்கத்திலேர்ந்து!"

அதற்கு மேல் அந்த அம்மாள் வாயைத் திறக்கவில்லை. இப்படியாக, திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் சக்தியில்லாத தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது என்ற மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தோம். வேறு எந்த ஊர்க் கமிட்டிக்கு இந்தப் பெருமை உண்டு? சக்தியில்லாத தண்ணீருக்காக முசிறி, லால்குடி, உப்பிலியபுரம் ஊர்களுக்குக் கடிதம் எழுத என்னைப் பணித்துக் கூட்டம் கலைந்தது.

இதெல்லாம் நடந்த நாலு மணி நேரமும் அமிர்தராஜ் பின்கட்டில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கேதான் ஒரு பெரிய அக்கிரமம் நடந்தது. வீரமலை கொல்லைப்புறத்துச் செடியில் ஒரு கைப்பிடி பறித்து, நன்றாகக் கழுவி, துவைக்கிற கல்லில் நசுக்கி, இரண்டு காலிலும் வைத்துக் கட்டிவிட்டான். தண்ணீர் கேட்கவில்லை. தீர்மானம் கேட்கவில்லை. போதாததற்கு, "தினம் ஒருக்கா மாத்திக் கட்டச் சொல்லுங்க" என்று அமிர்தராஜின் மனைவி அற்புதம்மாளுக்கு ஒரு பொட்டலம் வேறு கொடுத்தனுப்பியிருக்கிறான். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

பதினைந்தாம் தேதி கழிந்து அடுத்த நாள் அமிர்தராஜ் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து இறங்கினார். பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. இரண்டு காலிலும் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. அவ்வளவுதான் மிச்சம்.

"ஆறிப்போச்சுங்க!" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். "ஷாப்புக்குப் போனேன். ஃபோர்மேன், கமிட்டி கடுதாசி கொண்டான்னுட்டாரு. ஒரு வரி எழுதிக் குடுங்க, போயிட்டு வரேன்."

கூட்டம் கூட்டினேன். தலைவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தக் கால்களைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டு ஆறித்து?"

"தானா ஆறிச்சுங்க."

"நம்ம பரிசோதனை இன்னும் ஆரம்பமாகலை. ஆரம்பிக்காத பரிசோதனையில் புண் எப்படி ஆறும்? கோப்பிலே என்ன இருக்கு, பிலோமின்ராஜ்?"

"புண் புதுசாக, பச்சையாக இருக்கிறதாகத்தான் இருக்குங்க சார்."

"ஆங்! அப்போ பச்சையாத்தான் இருக்கு."

அமிர்தராஜ் அந்த இடத்திலேயே குதித்துக் காட்டினார். மேஜைமேல் இருந்த காப்பி டம்ளர்கள் ஆடின. 'நோயாளி வலி தாங்காமல் துள்ளினார்' என்று எழுதும்படி உத்தரவாயிற்று. எழுதினேன். டாக்டரம்மா மட்டும், "இது ஆறின கால்தான், நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார். தனி ஒரு உறுப்பினர் கையெழுத்து செல்லாது என்று விதி இருந்தது. அந்த விதியை எழுதியவனும் நான்தான்.

"சார், ஒரு வழி சொல்லுங்க" என்றார் அமிர்தராஜ். "புண்ணு இருந்தா ஷாப்புல சேர்க்க மாட்டாங்க. புண்ணு ஆறினா நீங்க எழுதிக் குடுக்க மாட்டீங்க. நான் என்னதான் செய்யட்டும்?"

தலைவர் கனிவோடு யோசித்தார். "ஒண்ணு செய்யலாம். நீ மறுபடியும் ஒரு தடவை கீழே விழு. அதே தகரம் இருக்கோல்லியோ? தண்ணி கிடைச்சதும் முறையா ஆத்தி அனுப்பிடறோம்."

அமிர்தராஜ் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் டைப்ரைட்டருக்கு ரிப்பன் மாற்ற ஆரம்பித்தேன். ரிப்பன் புதுசு. முந்தாநாள்தான் மாற்றியிருந்தேன்.

அதற்கப்புறம் தினமும் வந்தார். நானும் தினமும், "லால்குடியிலேர்ந்து பதில் வரலைங்க" என்றேன். இருபத்துநாலாம் தேதியும் வந்துவிட்டது. மறுநாள் டிரேட் டெஸ்ட். அன்றைக்குத்தான் மெட்ராஸிலிருந்து இலாகா டைரக்டர் எங்களைப் பார்வையிட வருகிற நாளும். ஆபீஸ் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காக, தலைவர் உத்தரவுப்படி வீரமலை விடிந்ததும் விடியாததுமாகக் கொல்லை, வாசல், வேலி என்று ஒரு செடி விடாமல் பிடுங்கி வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டான்.

பத்து மணிக்கு எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அமிர்தராஜ் டிபன் டப்பாவும் கையுமாக வாசற்படி ஓரத்தில் நின்றார். தெருவில் கார் ஹாரன் கேட்டது. டைரக்டர் வந்துவிட்டார் என்று தலைவர் விசுக்கென்று எழுந்தார்.

சர்ர்ர்.

"ஐயோ! பெருமாளே!"

ஆணி பஞ்சகச்சத்தைக் கிழித்து, முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கோடு போட்டிருந்தது. ரத்தம் கொட்டியது. ஹாரன் அடித்தது டைரக்டர் கார்கூட இல்லை, துறையூர் பஸ்.

டாக்டரம்மா பையைத் திறந்தார். "உட்காருங்க சார். டிஞ்சர் போட்டுக் கட்டிடறேன்."

"டிஞ்சரா? எரியும்! கிட்ட வராதேம்மா! நேக்கு சின்ன வயசிலேர்ந்தே டிஞ்சர்னா ஆகாது!" தலைவர் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார். "வீரமலை! அந்தப் பூண்டைக் கொண்டாடா!"

"எந்தப் பூண்டுங்க?"

"வாசல் பூராக் கிடக்குமே, அந்தப் பூண்டு!"

"காலையிலே நீங்கதானேய்யா ஒண்ணு விடாமப் புடுங்கச் சொன்னீங்க? வண்டி இந்நேரம் கொள்ளிடம் தாண்டியிருக்கும்."

தலைவர் மூர்ச்சை போடுகிற நிலைக்கு வந்துவிட்டார். அப்போது வாசற்படியிலிருந்து அமிர்தராஜ் மெதுவாக டப்பாவைத் திறந்தார். மேல் தட்டில், ஈர வாழையிலையில் சுருட்டி, பச்சைப் பசேலென்று வெட்டுக்காயப் பூண்டு.

"முந்தாநாள் வேலியோரத்துல பறிச்சதுங்க. ஷாப்புல நம்ம பசங்களுக்கு அடிக்கடி கையில கால்ல கீறிக்கும். கேட்டுவிட்டிருந்தாங்க."

"போடு! போடு சீக்கிரம்!"

அமிர்தராஜ் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. "போடலாம்ங்க ஐயா. ஆனா இன்னொரு கால்ல வெறுந்தண்ணி வைக்கணுமே. எந்தத் தண்ணின்னு முடிவாச்சுங்களா?"

"தண்ணியாவது மண்ணாவது! போடுய்யா!"

"அப்புறம், இது வேலியோரச் செடிங்க. அங்கீகாரம் இல்லாதது."

"அங்கீகாரம் குடுத்தாச்சு!"

"நானே புண்ணு ஆறாத ஆளுங்களே. என் கை உங்க மேல படலாமுங்களா?"

தலைவர் அவரைப் பார்த்தார். அமிர்தராஜும் அவரைப் பார்த்தார். எனக்கு அந்த ஒரு நிமிஷம் அமிர்தராஜின் காலில் விழுந்து கும்பிடலாம் போல இருந்தது.

"ஆறிடுத்து!" என்று அலறினார் தலைவர். "உனக்கு எப்பவோ ஆறிடுத்து! பிலோமின்ராஜ், எழுதுங்கோ!"

என் உத்தியோக வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் டைப் அடித்ததில்லை. ஒரே பிரதி. 'அமிர்தராஜ் பூரண குணமடைந்தார்.' தலைவர் கையெழுத்து, உறுப்பினர்கள் கையெழுத்து, முத்திரை, எல்லாம் நாலு நிமிஷத்தில் முடிந்தன. கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தான் போட்ட பிறகுதான் அமிர்தராஜ் உள்ளே வந்தார்.

"முதல்ல புண்ணைக் கழுவணும், இலையையும் கழுவணும்" என்றார் டாக்டரம்மா. டைரக்டர் குடிப்பதற்காகப் பின்கட்டில் கொதிக்க வைத்து ஆற வைத்திருந்த தண்ணீரை எடுத்தார். "இது காவேரிதான் சார். கொதிக்க வச்சிருக்கு. ஊத்தலாமா?"

"ஊத்தும்மா, ஊத்து!"

டைரக்டர் பன்னிரண்டு மணிக்கு வந்தார். தலைவர் காலில் பச்சைக் கட்டோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். இது என்ன என்று டைரக்டர் கேட்டார். "தலைவர் தம் உடலையே பரிசோதனைக்கு அர்ப்பணித்திருக்கிறார்" என்று நான் சொன்னேன். டைரக்டர் தலைவரின் காலுக்கு நேராக ஒரு கும்பிடு போட்டார். கமிட்டியை இன்னும் ஐந்து வருஷம் நீட்டித்து அங்கேயே உத்தரவு போட்டார். தலைவரின் புண் ஒன்பது நாளில் ஆறியது. அவர் விண்ணப்பம் கொடுக்கவில்லை என்பதால் அது கோப்பில் ஏறவில்லை. 'இதுவரை பரிசோதிக்கப்பட்டவர்கள் யாருமில்லை, பாதிக்கப்பட்டவர்களும் யாருமில்லை, ஆகவே சாறு முற்றிலும் பத்திரமானது' என்று அறிக்கை அனுப்பினோம். பாராட்டு வந்தது.

அமிர்தராஜ் ஃபிட்டர் ஆகிவிட்டார். முதல் வார லீவு நாளில் அற்புதம்மாளையும் அழைத்துக்கொண்டு, ஒரு சீப்பு பூவன் பழத்தோடு வந்தார். பழத்தை நேரே பின்கட்டுக்குக் கொண்டுபோய் வீரமலையிடம் கொடுத்தார். பிறகு கையில் ஒரு குறடோடு மேஜைப் பக்கம் வந்தார்.

"இந்த ஆணியைப் பிடுங்கிடட்டுமா சார்? மரமோ இரும்போ, ஃபிட்டருக்கு எல்லாம் ஒண்ணுதான். அரை நிமிஷ வேலை."

"வேண்டாம்" என்றேன் நான்.

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். நான் யோசித்துத்தான் சொன்னேன். மூன்று வருஷமாக நாலு பேர் இந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறோம். உபயோகமான வார்த்தை ஒன்று சொன்ன டாக்டரம்மாவை வாயடைத்து வைத்திருந்தோம். ஒரு மனுஷனின் பிழைப்பை ரிஜிஸ்தர் தபாலில் இருபது நாள் கட்டிப்போட்டு, அவரை வாசற்படியில் நிற்கவைத்தேன் நான். ஒரே கீறலில் அவருக்குக் கடிதம் வாங்கிக் கொடுத்தது அந்த ஆணி.

"இருக்கட்டும்ங்க" என்றேன். "எங்க கமிட்டியில வேலை செஞ்ச உறுப்பினர் அது ஒண்ணுதான்."